பக்கத்து மிஷின்காரர் வீட்டில் நான் சொன்ன பொய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்நியமாதல் என்று ஒரு பாடம். யாரோ வெளிநாட்டு அறிஞர் சொன்னதாம். உழைக்கிறவன் தான் செய்யும் பொருளிலிருந்து அந்நியமாகிறான், செய்கிற வேலையிலிருந்து அந்நியமாகிறான், கூட வேலை செய்கிறவர்களிடமிருந்து அந்நியமாகிறான், கடைசியில் தன்னிடமிருந்தே அந்நியமாகிறான் என்று விரல்விட்டு எண்ணி மனப்பாடம் செய்தாய். மூன்றாவது மட்டும் உனக்கு நிற்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அங்கே வந்து தடுக்கி, புத்தகத்தைத் திறந்து பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

பிறகு என் பக்கம் திரும்பி, "ப்பா, நீ கம்பெனிலதான இருக்க, இதுக்கு ஒரு எக்சாம்பிள் சொல்லேன்" என்றாய்.

"எனக்கு இன்னா தெரியும், நான் பத்தாவது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

தெரியாமல் இல்லை. உனக்கு நிற்காத அந்த மூன்றாவதற்கு உதாரணத்தை அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். போன இடத்தில் ஒரு பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யில் உன்னுடைய பொருள் கலந்திருக்கிறது. அதனால்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன். உன் தம்பியும் படிக்கட்டும்.

முதலில் என் வேலை. பதிமூன்று வருஷமாக நான் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மணவாள நகர் முனையில் கம்பெனி பஸ் ஏறுவதும், கறை படிந்த நீலச் சட்டையோடு திரும்பி வருவதும் தெரியும். நடுவில் என்ன நடக்கிறது என்று நான் சொன்னதில்லை. நீங்களும் சின்ன வயதில் கேட்டதோடு சரி.

நான் நிற்பது பவர் பிரஸ்ஸில். அறுபத்து மூன்று டன் மிஷின். அதாவது அவ்வளவு கனத்தோடு மேலிருந்து இறங்கி இரும்புத் தகட்டை அழுத்தும். நான் தகட்டை அச்சில் வைக்க வேண்டும். கையை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு பச்சைப் பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். ஒரு கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மிஷின் இறங்கி ஏறும். காந்தக் குச்சியால் பீசை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். திரும்பவும் தகடு. இவ்வளவுதான் என் வேலை.

அந்தப் பீஸ் கட்டைவிரல் நீளம் இருக்கும். இரண்டு ஓட்டை, ஒரு மடிப்பு. ஓட்டை நான் போடுவது. மடிப்பு பக்கத்து மிஷினில். அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. கார் சீட்டுக்கு அடியில் போகிறது என்று ஒருவர் சொன்னார். வாஷிங் மிஷினுக்கு என்று இன்னொருவர். பெட்டியில் ஒட்டுகிற சீட்டில் எழுத்தும் நம்பரும்தான் இருக்கும். ரோட்டில் கார் போனால் உள்ளே நான் செய்தது இருக்குமோ என்று ஆரம்பத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

என் அப்பா பள்ளிப்பட்டுப் பக்கம் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நட்டவர், அறுத்தவர். அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று உங்களிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நன்றாக இல்லை. அறுத்த நெல் அவர் வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் அது நெல் என்று அவருக்குத் தெரியும். யாராவது சாப்பிடுவார்கள் என்று தெரியும். எனக்கு அதுகூடத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மடிப்பு போடுகிற பக்கத்து மிஷின் நாற்பது டன். அதில் நின்றவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஒன்பது வருஷம் அவர் என் இடது பக்கம் நின்றார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டே. ஷாப் என்று நாங்கள் சொல்கிற அந்த மிஷின் கூடத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. யார் எந்த மிஷினோ அதுவே பேர். நான் அறுபத்து மூன்று. அவர் நாற்பது.

காதில் மஞ்சள் நுரைக் கட்டை இருக்கும், மூக்கில் மாஸ்க், தலையில் தொப்பி. கண்ணும் புருவமும்தான் வெளியே தெரியும். அதனால் பிரஸ் ஷாப்பில் இருப்பவர்கள் கையாலும் கண்ணாலும் பேசுவோம். அதுவும் பட்டன் அமுக்குகிற இடைவெளியில், ஒரு நொடியில். மாஸ்க்குக்கு மேலாக மீசையைத் தடவுவதுபோலக் காட்டினால் சூபர்வைசர் வருகிறார். மார்பில் இரண்டு தட்டு தட்டினால் டீ. முன்கையைத் திருப்பினால் அச்சு தேய்ந்துவிட்டது, பீஸ் சரியில்லை. உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்துக் காற்றில் இரண்டு தட்டு தட்டினால் "பொறு, அப்புறம்" என்று அர்த்தம். எல்லாம் வேலைக்கு வேண்டிய பேச்சு. "உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்" என்பதற்குக் கையில் ஜாடை கிடையாது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

வீட்டில் நான் செய்வதும் இதுதான் என்று உங்களுக்கே தெரியும். மார்பில் தட்டினால் அம்மா டீ கொண்டுவருவாள். தம்பி ஒருநாள் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா ஏன் ஊட்டுக்குள்ளயே டிராபிக் போலீஸ் டியூட்டி பாக்கறாரு?" என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

சாப்பாட்டு வேளையிலாவது பேசலாமே என்று கேட்பீர்கள். பக்கத்துப் பக்கத்து மிஷின்காரர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேன்டீனுக்குப் போகக் கூடாது. ஒருவர் போனால் மற்றவர் இரண்டு மிஷினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் யார் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறோமோ அவரோடு மட்டும் சாப்பிடவே முடியாது. ஷிப்ட் முடிந்தால் எனக்குத் திருவள்ளூர் பஸ், அவருக்குப் பொன்னேரி பஸ். எங்கள் பஸ் முதலில் கிளம்பிவிடும்.

பேசவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மிஷினை நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்போம். பர்மனென்ட் ஆட்களின் குடும்பத்தார் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். நாங்கள் கான்ட்ராக்ட், எங்கள் வீட்டு ஆட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஒரு வருஷம் அப்படிச் சத்தமே இல்லாத ஷாப்பில் நானும் அவரும் மிஷின் பக்கத்தில் நின்றோம். கையில் சந்தனம், முகத்தில் வழக்கம்போல மாஸ்க். சத்தம் இல்லாததால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கூச்சமாகக்கூட இருந்தது. கடைசியில் அவர்தான் கேட்டார்.

"இன்னா, பொரி வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு. நீ?"

"வாங்கிட்டேன்."

நினைவு இருக்கிற பேச்சு அவ்வளவுதான். குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தது. அந்த உடம்புக்கு அப்படி ஒரு குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை வந்தபோது நாற்பதில் வேறு ஆள் நின்றார், வடக்கேயிருந்து வந்தவர். நான் வழக்கம்போல மார்பில் இரண்டு தட்டு தட்டினேன். அவர் நெஞ்சு வலியா என்று பதறிப்போய் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். ஷிப்ட் மாறிப்போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை சூபர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நாப்பதுல நின்னாரே, அவரு ஞாயித்துக்கிழம தவறிட்டாருபா. ஊட்லயே. நெஞ்சு வலின்றாங்க."

நான் திரும்பி நாற்பதைப் பார்த்தேன்.

"அவரு சம்சாரம் ஆபீசுக்கு போன் பண்ணிச்சு. லாக்கர்ல அவரு பொருளு கீதாம். நீதான அவருக்கு குளோசு, நீயே குடுத்துட்டு வந்துடு."

குளோஸ் என்றதும் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஒரு சீட்டில் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றின் பேரும், டோக்கன் நம்பரும், ஒரு போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார்.

லாக்கரில் ஒரு டிபன் பாக்ஸ், வெள்ளைத் துண்டு, சீப்பு, மாற்றுச் சட்டை இருந்தன. சட்டைப் பையில் ஒரு ஜோடி நுரைக் கட்டை. எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கள் பீஸ் ஒன்று. மடிப்பு கோணலாக விழுந்து கழித்துவிட்ட பீஸ். அதன் ஓரங்களை யாரோ அரத்தால் ராவி, பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். யாரோ என்ன, அவர்தான். எதற்கு என்று தெரியவில்லை. ஒரு ஷிப்டு முழுக்கத் தொட்டுக்கொண்டே இருக்கிற பொருளை நான் ஒருநாளும் அப்படிக் கையில் வைத்துப் பார்த்ததில்லை. நல்ல எடை இருந்தது.

கேட்டில் செக்யூரிட்டி பையைப் பிரித்தார். பீசை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டார்.

"இது கம்பெனி மெட்டீரியலு. வெளிய உட முடியாது."

"கழிச்ச பீசு சார் இது. செத்துப்போனவரு பொருளு."

"யாரு செத்தா எனக்கு இன்னாபா? எதுனா ஒண்ணுன்னா என்னத்தான் கேப்பாங்க."

அவர்மீது கோபப்பட்டு என்ன செய்வது? அவரும் கான்ட்ராக்ட்தான். நான் வற்புறுத்தவில்லை. இப்போது நினைத்தால் இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் மாறிப் பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காடு பஸ். சீட்டில் இருந்த போன் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று சொன்னது. பாதி வழியில்தான் உறைத்தது, கம்பெனியில் இருக்கிற நம்பர் அவருடையதாகவே இருக்கும் என்று.

குப்பத்து முனையில் ஒரு பெட்டிக்கடை. ஏரிக் காற்றில் கருவாட்டு வாடை. நான் கடைக்காரரிடம், "ஒரு வாரத்துக்கு முன்னாடி தவறிட்டாரே, அவரு ஊடு எதுங்க?" என்றேன்.

"யாரு? பேரு சொல்லு."

அப்போதுதான் விழித்தேன். சீட்டை எடுத்துப் பார்த்தேன். டோக்கன் நம்பர்தான் இருந்தது.

"கும்முடிபூண்டி கம்பெனிக்கு போய்க்கினு இருந்தாருங்க. நாப்பது டன்ல நிப்பாரு."

"நாப்பது டன்னா? லாரியா ஓட்னாரு?"

"இல்லீங்க, மிஷினு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேரு தெரியாம எழவு கேக்க வந்த மொத ஆளு நீதான்யா. அண்ணாந்து பாரு."

என் தலைக்கு மேலே கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அதைப் பார்த்தேன். யாரோ என்று நினைத்து அதற்குக் கீழேயே வந்து நின்றுகொண்டிருந்தேன். அதில் இருந்தவருக்குத் தடித்த மீசை, வழித்து வாரிய தலை. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார். மூக்கையும் வாயையும் மறைத்தாற்போல் கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். கண்ணும் புருவமும் மட்டும் தெரிந்தது. அவர்தான்.

கீழே பேர் பெரிய எழுத்தில் இருந்தது. அந்தப் பேரை இங்கே எழுதவில்லை. ஒன்பது வருஷம் கூப்பிடாத பேரை இப்போது எழுதி யாருக்கு என்ன?

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி, சுவரில் நம்பர். அவர் மனைவி பாய் போட்டு உட்காரச் சொன்னார். ஒரே பெண். பன்னிரண்டாவது படிக்கிறாள். கதவோரம் நின்றுகொண்டாள். அந்த அம்மா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். சீப்பில் முடி சிக்கியிருந்தது. அதை எடுக்காமல் அப்படியே துண்டில் சுற்றினார்.

பெண் சட்டைப் பையிலிருந்து நுரைக் கட்டைகளை எடுத்தாள். "இது இன்னா மாமா?"

"காதுல வெச்சிக்கிறதுமா. சத்தம் கேக்காம இருக்க."

"அதான் ஊட்லயும் அத்த கழட்டாத மாறியே இருந்தாரு" என்றார் அவர் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "ண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. நல்ல மனுசன். குடிக்க மாட்டாரு, ஒண்ணும் கெடையாது. ஆனா பேச மாட்டாரு. வருவாரு, துன்னுவாரு, படுப்பாரு. எதுனா கேட்டா கைய இப்டி காட்டுவாரு" என்றார்.

உள்ளங்கையைக் கீழே வைத்துக் காற்றில் இரண்டு தட்டு தட்டிக் காட்டினார். பொறு, அப்புறம். அந்த ஜாடையை எங்கள் ஷாப்புக்கு வெளியே வேறொருவர் கையில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"நாங்க இன்னா நெனச்சிக்கினு இருந்தோம் தெரியுமாண்ணா? வேலைல நல்லா பேசுவாரு போல, எல்லாத்தையும் அங்கியே பேசித் தீத்துட்டு, இங்க காலியா வராருன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் நினைத்தது இதற்கு நேர்மாறு. இங்கே பேசாத மனுஷன் வீட்டில் பேசிக்கொண்டிருப்பார் என்றுதான் ஒன்பது வருஷமும் நினைத்திருந்தேன். இரண்டு பக்கத்திலும் அவரை அடுத்த பக்கத்து ஆள் என்று விட்டுவிட்டோம்.

பெண் கேட்டாள். "நைனா அங்க இன்னா செஞ்சாரு மாமா?"

விரலை வைத்து அளவு காட்டினேன். இரண்டு ஓட்டை, ஒரு மடிப்பு. மடிப்பு அவர் போட்டது என்றேன்.

"அது எதுக்கு?"

"தெரியாதும்மா."

"நைனாவுக்கு தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காது." பிறகு லாக்கரில் இருந்த பீசைப் பற்றிச் சொன்னேன், ஓரத்தை ராவி வழவழப்பாக வைத்திருந்ததைச் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. கையை நீட்டினாள். "எங்க?"

"கேட்டுல வாங்கி வெச்சிக்கினாங்க."

நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அம்மா அந்தப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போன சமயம் பார்த்துப் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, சனிக்கெழம நைனாவாண்ட சண்ட போட்டேன். மெட்ராஸ்ல ஆஸ்டல்ல சேந்து படிக்கிறேன்னு கேட்டேன். அவரு கைய காட்டிட்டு டிவி பாக்க குந்திட்டாரு. எனக்கு பேஜாராயிடுச்சு. நீ மனுசனே இல்ல, அங்க கீற மிஷினுதான் நீயின்னு சொல்ட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. மறுநாளு..."

முடிக்கவில்லை.

"என்ன பத்தி உங்களாண்ட எப்பனா எதுனா சொல்லிகீறாரா? ஒரு தபா? நெசமா சொல்லுங்க."

என்ன செய்வேன் சொல்லுங்கள். அவருக்குப் பெண் இருப்பதே எனக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரியும். இல்லை என்று சொன்னால் அந்த ஒரு வார்த்தையை அவள் ஆயுசுக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"சொல்லாமயா? ஒன்ன பத்திதான் எப்பவும் பேச்சு" என்றேன்.

"இன்னா சொல்வாரு?"

ஒரு பொய் சொல்வது சுலபம். அதற்கு மேல் கேட்டால்தான் கஷ்டம். ஆனால் எனக்குக் கஷ்டமாக இல்லை. வாய் தானாகப் பேசியது.

"நீ படிக்கும்போது ஒத்த கால ஆட்டிக்கினே படிப்பியாமே. பக்கம் திருப்பும்போது மட்டும் கால் நிக்குமாம். அத்த பாத்துக்கினே இருப்பேன், டிவி ஓடும், ஆனா டிவிய பாக்க மாட்டேன்னு சொல்வாரு. காலைல கெளம்பும்போது நீ தூங்கிக்கினு இருப்பியாம். போர்வ காலாண்ட கெடக்குமாம். இழுத்து போத்தி உட்டுட்டுதான் செருப்ப மாட்டுவாராம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். பதிமூன்று வருஷமாக யாரிடமும் பேசாதவன் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரிவதில்லை.

"நீ நாலு வயசு கொழந்தையா இருக்கும்போது வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல ஒன்ன தொலைச்சிட்டாராம். பத்து நிமிசம். உயிரே போயிடுச்சாம். பாத்தா நீ பிளாட்பாரத்து பெஞ்சில குந்திக்கினு கால ஆட்டிக்கினு இருந்தியாம். ஏம்மா தொலஞ்சுபோனன்னு கேட்டா, நான் எங்க தொலஞ்சேன், இங்கியேதான் கீறேன், நீதான் தொலஞ்சுபோயிட்டன்னு சொன்னியாம். அத்த சொல்லும்போதெல்லாம்..."

"வேப்பம்பட்டா?" என்றாள்.

நான் நிறுத்தினேன்.

"எங்க ஊருக்கு ரயிலே கெடையாது மாமா. நாங்க அந்த ஸ்டேஷனுக்கு போனதே இல்லியே."

தண்ணீர்ச் சொம்போடு வந்த அவள் அம்மா, "சும்மா குந்துடி. வேற எந்த ஊரோ, மாமா மறந்துகீறாரு" என்றார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது உங்க பொண்ணுதான மாமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்த அக்காவுக்கு இதெல்லாம் தெரியுமா? நீங்க சொல்லிகீறீங்களா?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பேசத்தான் நினைத்தேன். ஆனால் கை தானாக எழுந்தது. உள்ளங்கை கீழ்ப்பக்கமாகத் திரும்பியது. காற்றில் இரண்டு தட்டு தட்டியது.

தாயும் மகளும் அந்தக் கையையே பார்த்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அவர் வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருப்பதைப்போலப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பெண் அழவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சொம்பில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பொன்னேரி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நீ கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாய். ஒற்றைக் கால் ஆடிக்கொண்டிருந்தது. நான் கதவருகே நின்றேன். பக்கம் திருப்பினாய், கால் நின்றது, மறுபடி ஆடியது. "இன்னாப்பா?" என்று நிமிர்ந்தாய். நான் மார்பில் இரண்டு தட்டு தட்டினேன். நீ எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாய்.

உன் பாடத்தைப் பிறகு நீ இல்லாத நேரத்தில் எடுத்துப் படித்துப் பார்த்தேன். முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த அறிஞர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும், எங்கள் ஷாப்பைப் பார்த்ததுபோல எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. இதெல்லாம் வேலை செய்கிற இடத்தில் நடப்பதுபோல இருக்கிறது அந்தப் பாடம். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் முடிந்துபோகும் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது அப்படி இல்லை. அது பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறது. பீஸ் ஒன்றைக் கேட்டில் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள், இதை யாரும் சோதனை போட்டு நிறுத்துவதில்லை.

இன்னொன்றும் யோசித்தேன். மிஷின்மேல் பழியைப் போட்டுவிட்டால் எனக்குச் சௌகரியம். காது மரத்துப்போயிருக்கலாம். வாய்க்கு என்ன? வேலைக்குப் போகிற எல்லோருமா என்னைப்போல ஆகிவிட்டார்கள்? அவருடைய பெண் மிஷின் என்று சொன்னபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒவ்வொரு ஷிப்டிலும் நினைக்கிறேன். பட்டனை அமுக்கும்போதெல்லாம் இடது பக்கம் பார்வை போகிறது. புதிதாக வந்தவருக்கு இப்போது எல்லா ஜாடையும் வந்துவிட்டது. ஒருநாள் கேட்டில் அவரை நிறுத்திப் பேர் கேட்டேன். சொன்னார். என் பேரையும் சொன்னேன். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை, எனக்கு இந்தி வரவில்லை. உள்ளே போனதும் அவர் நாற்பது, நான் அறுபத்து மூன்று.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. போன் நம்பர் வாங்கவில்லை. அவள் கேட்டதற்கு உண்மையான பதில் இந்த உலகத்தில் ஒருவரிடம்தான் இருந்தது, அவரும் சொல்லாமல் போய்விட்டார். நான் கொடுத்தது அவளுக்கு உதவவில்லை. அவள் அப்பாவின் கையை இன்னொரு தடவை காட்டிவிட்டு வந்ததுதான் நான் செய்தது.

அந்த வீட்டில் நான் அள்ளிக் கொடுத்ததெல்லாம் உன்னுடையது. கால் ஆட்டுவது உன் கால். போர்வை உன் போர்வை. தம்பியுடையதும் சிலது இருக்கிறது, அவற்றை அங்கே சொல்லவில்லை, அடுத்த பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். வேப்பம்பட்டு ஸ்டேஷனில் உன்னை உண்மையாகவே தொலைத்தேன். மாமியார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கூட்டத்தில், என் கை நழுவி. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீ அப்போது சொன்ன பதில் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. முன்பெல்லாம் நினைத்தால் சிரிப்பு வரும்.

உங்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியதை முன்பின் தெரியாத வீட்டில் வேறொருவர் பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதைத் திரும்ப வாங்க முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

நாளைக்கு எனக்கு முதல் ஷிப்ட். நீங்கள் எழுவதற்கு முன்னால் கிளம்பிவிடுவேன். இந்த நோட்டை உன் பாடப்புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். படித்ததும் என் எதிரில் வந்து நின்று எதுவும் கேட்காதே. கேட்டால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நீயும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நில்.